வாவியின் பாடலும் வந்து கேட்டோரும்



நம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வருவோர் பெரும்பாலும் கண்ணை நம்பியே வருகின்றனர். சிகிரியாவிலே சித்திரம் காண்பர். அனுராதபுரத்திலே தாதுகோபம் காண்பர். கண்டியிலே பெரஹரா காண்பர். மட்டக்களப்புக்கோ அவர்கள் செவியையும் உடன்கொண்டு வரல் வேண்டும். அவ்வூரின் பழம்பெரும் அதிசயம் கண்ணுக்குப் புலனாவதன்று. நிலவு காயும் இரவிலே, காற்று அடங்கிய வேளையிலே, வாவியின் அடியிலிருந்து எழும் மெல்லிய இசையே அது. அவ்விசையினாலன்றோ மட்டக்களப்பு 'மீன் பாடும் தேனாடு' எனப் பெயர் பெற்றது! அந்த இசையை யார் யார் கேட்டனர், அதற்கு என்னென்ன விளக்கம் கூறினர், இடையிலே அது கேளாமற் போன காலம் எது, இனி வருவோரும் அதனைக் கேட்பரா என்பனவற்றை இப்பேச்சிலே ஆராய்வோம்.

முதலில் அந்த நீர்ப்பரப்பை அறிந்துகொள்ளல் நலம். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, கடலுக்கு இணையாக, ஏறக்குறைய 35 மைல் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம் ஒன்று உண்டு. கதிரவன் எழும் பக்கமாகிய அதனை எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கே, கதிரவன் சாயும் பக்கத்திலே, வயலும் காடுமாய் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்பர். திசையைக் கூறவும் ஊரைக் கூறவும் ஒரே சொல்லையே வைத்துக்கொண்ட மக்களின் எளிமை பாராட்டத்தக்கது. வாவியின் நடுவே புளியந்தீவு என்னும் சிறு தீவு. அத்தீவிலேதான் நகரின் பழம் பகுதியும் கோட்டையும் அமைந்துள்ளன.

இவ்வாவி முற்றிலும் கடலுமன்று, முற்றிலும் ஆறுமன்று. வடகீழ்ப் பருவ மழை பெய்யும்போது மேற்கு நிலத்தின் வெள்ளமெல்லாம் இதனுள் வந்து சேர்கிறது. நீர் பெருகி, பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் மணற்றடையை உடைத்துக்கொண்டு கடலிலே கலக்கிறது. மழை ஓய்ந்தபின் கடலலை மணலைக் கொணர்ந்து அவ்வாயை மீண்டும் அடைத்துவிடும். கோடையிலே வாவி அசைவற்று, உவர்ப்பு ஏறி, கண்ணாடி போலக் கிடக்கும். பாடல் கேட்கும் காலம் அந்தக் கோடைக்காலமே. ஏப்பிரல் தொடக்கம் செத்தெம்பர் வரையுள்ள மாதங்களை அதற்கு உரியனவாகக் கூறுவர். வெள்ளம் புகுந்ததும் பாடல் ஓய்ந்துவிடுகிறது. இந்த ஒழுங்கை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

மட்டக்களப்பிற்கு முதலில் வந்த ஐரோப்பியர் பாட்டுக் கேட்க வரவில்லை. 1602ஆம் ஆண்டு மே மாதத்திலே ஒல்லாந்தக் கடலோடியாகிய யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இக்கரையிலே நங்கூரமிட்டான். அவன் நாடி வந்தவை மிளகும் கறுவாவும். கண்டியரசன் விமலதர்மசூரியனின் நட்பும் அவற்றைப் பெறுதற்குரிய வழியே. 1628இலே போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்தாண்டு கழிந்து, 1638இலே, இரண்டாம் இராசசிங்கனுடன் சேர்ந்துகொண்ட ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இலங்கையிலே போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பறித்த முதற் கோட்டை இதுவே. நான்கு கொத்தளங்களுடன், இரு புறம் வாவியும் இரு புறம் அகழியும் காவலாக நிற்கும் அக்கோட்டையை இன்றும் காணலாம். 1795இலே அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. பின்னர்ப் பல தலைமுறைகளாகக் கச்சேரி அதனுள்ளேயே இயங்கியது. பீரங்கி வைத்த மதிலுக்குள்ளே காணிப் பத்திரமும் பிறப்புச் சான்றும் தேடி மக்கள் சென்று வந்தனர்.

வாணிபத்துக்கும் ஆட்சிக்கும் வந்தோரின் பின்னே சமயப் பணிக்கும் கல்விப் பணிக்கும் வந்தோர் உளர். 1814இலே வெசுலியன் சபையின் வில்லியம் ஓல்ட் பாதிரியார் இங்கு வந்து பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே அவர் மறைந்தாராயினும், அவர் இட்ட வித்து மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

வாவியின் இசையைத் தேடிச் சென்று கேட்டு, அதனை உலகறிய எழுதியவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் ஆவார். 1845 முதல் 1850 வரை அவர் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்தார். 1848ஆம் ஆண்டு செத்தெம்பரிலே மட்டக்களப்புக்கு வந்தபோது, நீருக்கடியிலே இசை எழுகிறதென்ற செய்தியைக் கேள்வியுற்றார். கேட்ட மாத்திரத்தில் நம்பிவிடவும் இல்லை. நகைத்து ஒதுக்கிவிடவும் இல்லை. நிலவெழுந்த இரவிலே தோணியேறிக் கோட்டைக்கு அப்பாற் சென்றார். ஈர விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலி போன்ற மெல்லிய ஒலிகள் நீரிலிருந்து எழக் கேட்டார். அது நீண்ட ஒரே சுரமாயிருக்கவில்லை. தனித்தனியே தெளிந்த சிற்றொலிகள் பல, உச்சமும் மந்தமுமாகக் கலந்து ஒலித்தன. தோணியின் மரப்பலகையிலே காதை வைத்தபோது ஒலி இன்னும் தெளிவாயிற்று. தோணி ஓரிடத்தை விட்டு நகர்ந்தால் ஒலி மங்கி மறைந்தது. மீண்டும் அவ்விடத்துக்கு வந்தால் முன்போலவே கேட்டது. இவற்றையெல்லாம் 1859இலே வெளியான இலங்கை பற்றிய தம் பெருநூலிலும், 1861இலே வெளியான இயற்கை வரலாற்று நூலிலும் அவர் விரித்தெழுதினார். அன்று முதல் மட்டக்களப்பு என்றதும் பாடும் மீன் என்று உலகம் கூறலாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். டெனன்ட் இந்த அதிசயத்தைக் கண்டுபிடித்தவர் என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அது பொருந்தாது. அவர் அங்கு போகுமுன்பே, போகவேண்டிய இடத்தையும் வேளையையும் அறிந்திருந்தவர்கள் வாவி மீனவர்கள். அந்த ஒலிக்கு அவர்கள் பெயரும் வைத்திருந்தனர். அவர்கள் கூறிய பெயரை டெனன்ட் ஆங்கில எழுத்திலே, தம் செவிக்கு எட்டியவாறு குறித்துள்ளார். அதனைத் தமிழ் எழுத்திலே மீட்டுப் படித்தால் 'ஊரி குளறுகிறது' என்ற தொடர் வெளிப்படும். ஊரி என்பது நீரில் வாழும் சிப்பி சங்கு இனம். குளறுதல் என்பது மட்டக்களப்பார் வாய்மொழியிலே வாய்விட்டு அழுதல். வந்தவர் செவிக்குச் சங்கீதமாய்ப் பட்ட ஒலி, அங்கேயே இரவு பகலாய் வலை வீசி வாழ்ந்தவர் செவிக்கு அழுகையாய்ப் பட்டிருக்கிறது. மழை நாளிலே வெள்ளம் வந்தால் ஒலி நின்றுவிடும் என்ற உண்மையையும் அவர்களே டெனன்டுக்கு உரைத்தனர்.

டெனன்டின் காலத்திலே மட்டக்களப்புக்கு வருவது எளிதன்று. கடலிலே கப்பல் நிற்கும். மணற்றடையைக் கடந்து படகிலே உள்ளே வரல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டிலேதான் வழிகள் திறந்தன. 1913இலே முகத்துவாரத்தருகே வெளிச்சவீடு எழுந்தது. 1924இலே புளியந்தீவுப் பக்கத்தையும் கல்லடியையும் இணைத்து இரும்புப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அந்நாளில் தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் மானிங் அவர்களின் துணைவியார் பெயரால் அது சீமாட்டி மானிங் பாலம் எனப்பட்டது. மக்களோ அதனைக் கல்லடிப் பாலம் என்றே அழைத்தனர். 1928இலே புகையிரதமும் வந்து சேர்ந்தது. கொழும்பிலே மாலையில் ஏறியவர் மறுநாட் காலையிலே வாவிக்கரையிலே இறங்கும் காலம் பிறந்தது.

பாலம் போக்குவரத்துக்கென்றே கட்டப்பட்டது. ஆயினும் பாடல் கேட்கும் இடமாகவும் அதுவே நிலைபெற்றது. பாலத்தின் கீழே கல்லும் பாறையுமாய்க் கிடக்கும் இடத்திலே ஒலி மிகுதி என்று கூறுவர். பூரணை இரவுகளிலே மக்கள் பாலத்தின் கைப்பிடி அருகே நின்று செவிசாய்ப்பர். இன்னும் நன்றாகக் கேட்க விரும்புவோர் தோணியிலே சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறு நுனியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொள்வர். மரம் நீரின் அதிர்வைச் செவிக்கு ஏந்தி வரும். தோணிப் பலகையிலே டெனன்ட் காதை வைத்ததும் இதே நுட்பத்தாலன்றோ?

இந்த வாவியின் தென்புலத்து ஊராகிய காரைதீவிலே 1892இலே பிறந்தவர் விபுலாநந்த அடிகளார். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும் இலங்கைப் பல்கலைக் கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர். பழந்தமிழர் யாழை ஆராய்ந்து 1947இலே யாழ்நூலை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே மறைந்தவர். மட்டுநகர் வாவியின் இரவிசையை நீரர மகளிர் பாடும் பாடலாக வைத்து அவர் செய்யுள் இயற்றியுள்ளார். மீனவர் அழுகை என்றதை, ஆங்கில அதிகாரி அதிசயம் என்றதை, தமிழ் முனிவர் இசையிலக்கணம் அறிந்த செவியோடு கேட்டார். மறைந்த நரம்புக் கருவியின் ஒலியை நூல்களினூடே தேடியவருக்கு, காணப்படாத பாடகரின் ஒலியும் அயலாகப் பட்டிராது. கல்லடி உப்போடையிலே, வாவிக்கும் கடலுக்கும் இடையிலே, அவர் சமாதி அமைந்துள்ளது.

1954ஆம் ஆண்டு அமெரிக்க இயேசு சபைக் குருவாகிய லாங் அடிகளார் இவ்வொலியைக் கருவியிலே பதிவு செய்தார். அப்பதிவு இலங்கை வானொலியிலும் ஒலித்தது. மட்டக்களப்பை ஒருநாளும் மிதியாதவரும் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தவாறே வாவியின் ஒலியைக் கேட்டனர். கண்ணுக்குக் காட்ட ஒன்றுமில்லாத அதிசயத்தை நாட்டுக்கு எடுத்துச் செல்ல வானொலியை விடப் பொருத்தமான ஊர்தி வேறு ஏது?

சரி, பாடுவது மீனா, ஊரியா? மீனவர் ஊரி என்றனர். டெனன்டும் அப்பக்கமே சாய்ந்தார். ஒலி இடம்விட்டு இடம் திரியாமல் ஓரிடத்திலேயே நிற்பதால், அது நீந்தித் திரியும் மீனினுடையதாகாது. தரையோடு ஒட்டிக் கிடக்கும் உயிரினுடையதே என்பது அவர் கொண்ட நியாயம். நல்ல நியாயமே, ஆயினும் முடிவானதன்று. மீன்களிலே ஒலி எழுப்புவன பல உள. உடலினுள்ளே உள்ள காற்றுப்பையைத் தசைகளால் அதிரச் செய்து அவை ஒலிக்கின்றன. வலையிலிருந்து எடுக்கும்போது கீச்சென்று ஒலிப்பதனாற் கீச்சான் என்றே பெயர் பெற்ற மீனை நம் கரையோரத் தமிழர் அறிவர்.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலே, சோசலீற்றோ என்னும் ஊரில், படகு வீடுகளில் வாழ்ந்தோர் 1980களிலே இரவு முழுதும் கேட்ட முரல்வொலியால் உறக்கம் இழந்தனர். கழிவுநீர் இயந்திரமோ, கடற்படையின் இரகசியக் கருவியோ என்று ஐயுற்றனர். இறுதியில் அது ஒருவகை மீனின் ஒலி என்று தெரியவந்தது. அவ்வினத்து ஆண் மீன், கோடையிலே ஆழமற்ற நீரின் கற்களுக்கடியிற் கூடமைத்து, இடம்விட்டு அகலாமல், பெண் மீனை அழைத்து இரவெல்லாம் முரலும். ஆகவே ஒலி ஓரிடத்தில் நிற்பதனாலேயே மீனை நீக்கிவிட முடியாது. அந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் இந்து சமுத்திரக் கரைகளிலும் உள. ஆயினும் மட்டக்களப்பிற் பாடுவது இன்னதே என்று எல்லோரும் ஏற்ற தீர்ப்பு இன்றுவரை இல்லை. தீர்ப்பு எதுவாயினும், பாடுவோர் உயிருள்ளவர். அவர் வாழ நல்ல நீர் வேண்டும். இந்த ஓர் உண்மையே நமக்கு முதன்மையானது.

இரவிலே பாடல் கேட்க வந்தவருக்குப் பகலிலும் இந்நாட்டிலே குறைவில்லை. படுவான்கரையிலே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம் உண்டு. போர்த்துக்கேயர் காலத்திலே அங்கிருந்த கல் நந்தி புல் உண்டதென்ற கதையை இன்றும் மக்கள் பத்தியோடு கூறுவர். தெற்கே மண்டூரிலே, சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் கோயில். பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மந்திர ஒலியின்றிப் பூசை செய்யும் வழக்கம் அங்கு உண்டு. குருமண்வெளியிலிருந்து அக்கோயிலுக்குச் செல்வோர் வாவியைக் கடந்து சென்றனர். மக்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையை இப்பகுதியார் 'பாதை' என்பர். நீரின்மேற் செல்லும் மிதவைக்கும் தரைவழிக்கும் ஒரே பெயர் வழங்குவது வாவி மக்களுக்கு வியப்பன்று. நீரே அவர்களுக்கு வழியாயிருந்தது.

கண்டற் காடுகளின் ஓரமாகத் தோணியிற் செல்வோர் நீர்க்காகமும் கொக்கும் கூழைக்கடாவும் கூடியிருக்கக் காணலாம். நகருக்கு வடக்கே பாசிக்குடாவிலே கடல் அலையடங்கி, நெடுந்தூரம் நடந்து செல்லத்தக்க ஆழமின்மையோடு கிடக்கிறது. நீந்தத் தெரியாதவரும் அஞ்சாது நீராடலாம். ஆழம் விரும்புவோருக்கோ வேறொரு காட்சி காத்திருக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி, யப்பானிய விமானங்கள் தாக்கியதால் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இக்கரைக்கு அப்பால் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் அதனோடு மாண்டனர். பயிற்சி பெற்ற மூழ்குநர் இன்று அக்கப்பலைக் காணக் கடலினுள் இறங்குகின்றனர். அது வேடிக்கைப் பொருளன்று, பலரின் கல்லறை என்பதை அவர்கள் மறவாதிருத்தல் தகும்.

இனி, பாடல் கேளாமற் போன காலத்தைக் கூறவேண்டும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி பெருஞ்சூறாவளி இந்நாட்டைச் சாய்த்தது. தென்னந்தோட்டங்கள் நிலத்தோடு படிந்தன, வீடுகள் கூரையிழந்தன. அதிலிருந்து எழுமுன் போர் வந்தது. 1980களிலிருந்து 2007 வரை, கிழக்கிலே இரவு மனிதருடையதாய் இருக்கவில்லை. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே சோதனைச் சாவடிகள் நின்றன. பல காலங்களில் இரவிலே தோணி இறக்கத் தடையிருந்தது. பாலத்திலே நிலவு பார்த்து நிற்பவர் எவர்? வாவி பாடியிருக்கலாம், கேட்பதற்குச் செவி இல்லை. அக்காலத்திலே வளர்ந்த ஒரு தலைமுறை, தம் ஊரின் புகழை நூலிலே படித்ததேயன்றி வாவியிலே கேட்டதில்லை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி கடலும் எழுந்து வந்தது. நாவலடியிலும் கல்லடியிலும், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணல் நிலத்திலே, குடும்பம் குடும்பமாக மக்கள் மாண்டனர்.

அமைதி திரும்பியபின் மாற்றங்கள் விரைவாய் வந்தன. 2013இலே கல்லடியிலே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் அதனருகிலேயே நிற்கிறது. 2014இலே மண்முனையிலே பாலம் எழுந்து, அங்கிருந்த பாதைக்கு ஓய்வு தந்தது. நோயாளியையும் கர்ப்பிணியையும் மிதவைக்காகக் காத்திருக்க வைத்த காலம் அங்கே முடிந்தது. பாசிக்குடாவிலே விடுதிகள் வரிசையாய் எழுந்தன. வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் மீண்டும் வரத் தொடங்கினர். இவற்றை நன்மை என்றே கொள்வோம். வருவோரால் தோணிக்காரனுக்கும் கைவினைஞனுக்கும் பிழைப்பு உண்டாகிறது.

ஆயினும் நேயர்களே, கண்டு மகிழும் இடத்துக்கும் கேட்டு மகிழும் இடத்துக்கும் வேறுபாடு உண்டு. சிகிரியாவின் அடியிலே ஆயிரம்பேர் ஆரவாரித்தாலும் குன்று அசையாது. வாவியின் பாடலோ இரண்டு இயந்திரப் படகு ஓடினாலே மூழ்கிப்போகும். பாலத்தின்மேல் ஓயாத வண்டிகளின் இரைச்சல், கரையோர விடுதிகளின் ஒலிபெருக்கி, இரவைப் பகலாக்கும் மின்னொளி ஆகியன நடுவே நின்றுகொண்டு, மீன் பாடவில்லையே என்று குறை கூறுவோர் இன்று பலர். இதனினும் பெரிய தீங்கு நீருக்குள்ளே இருக்கிறது. நகரின் கழிவு வாவியிற் கலக்கிறது, கரை நிரப்பப்படுகிறது, மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகிய கண்டல் பல இடங்களில் அழிந்துவிட்டது.

முகத்துவாரத்தின் காரியமும் இத்தகையதே. மாரியிலே வெள்ளம் வயலை மூடும்போது, ஆற்றுவாயை வெட்டிவிடுக என்று உழவர் கேட்பர். வேளை தவறி வெட்டினால் மீன்வளம் கடலுக்குப் போய்விடும் என்று மீனவர் அஞ்சுவர். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. கோடையின் உவர்ப்பும் மாரியின் நன்னீரும் முறை மாறி வருவதனாலேயே இவ்வாவியின் உயிர்கள் வாழ்கின்றன என்று முன்னர்க் கூறிய ஒழுங்கை மனத்திற்கொண்டு, இரு திறத்தாரும் கூடியிருந்து முடிவு செய்தலே வழி.

இனி மட்டக்களப்புக்குச் செல்ல எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. கோடையிலே, பூரணையை அடுத்த இரவிலே, ஊர் உறங்கிய பின் செல்லுங்கள். இயந்திரப் படகை விடுத்து, வாவியை அறிந்த மீனவர் ஒருவரின் தோணியை அமர்த்துங்கள். கூலியைக் குறைக்க வாதாடாதீர்கள். டெனன்டுக்கு வழிகாட்டியவர்களின் வழித்தோன்றல் அவர். விளக்கை அணைத்து, பேச்சை நிறுத்தி, துடுப்பைக் காதோடு சேர்த்துக் காத்திருங்கள். ஓர் இரவு கேளாவிட்டால் மறு இரவும் செல்லுங்கள்.

ஊரி குளறுகிறதோ, மீன் பாடுகிறதோ, அறிஞர் ஆராய்ந்து கூறட்டும். அவர்கள் ஆராய்வதற்கு அவ்வொலி அங்கே இருத்தல் வேண்டும். அதனை இருக்கச் செய்வது வாவிக்கரை மக்களின் கடன் மாத்திரமன்று. வாவியைக் காணச் செல்லும் நம் ஒவ்வொருவரின் கடனும் ஆகும்.